வாக்குத்தத்தம் வேண்டும், கட்டளை வேண்டாமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் ஒரு வரிசை நிற்கும். புது வருட வாக்குத்தத்த அட்டை வாங்கும் வரிசை. பெரியவர்கள் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுப்பார்கள். பிள்ளைகள் யாருக்கு என்ன வசனம் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மறுநாள் அது பீரோ கண்ணாடியில் ஒட்டப்படும், வாட்ஸ்அப் டிபியிலும் வந்துவிடும்.

இதை நான் கேலி செய்யவில்லை. கஷ்டத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு வசனம் வருடம் முழுவதும் பலம் தருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ஆசீர்வாதம், சுகம், பெருக்கம், உயர்வு என்று எல்லா அட்டையும் அந்தப் பெட்டியில் இருக்கும். கூலிக்காரனின் சம்பளத்தை மறுநாள் காலைவரை வைத்துக்கொள்ளாதே என்ற அட்டை மட்டும் நான் பார்த்தவரையில் யாருக்கும் வந்ததில்லை. அதுவும் வேதத்தில் உள்ளதுதான். லேவியராகமம் 19ஆம் அதிகாரம்.

நம் மக்கள் மிகவும் விரும்பும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தேவன் நமக்காக வைத்திருப்பது தீமையான நினைவு அல்ல, சமாதானமான நினைவு என்ற பொருள் வரும் வசனம். அது யாருக்கு எழுதப்பட்டது? ஊரை இழந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. அந்தக் கடிதத்தின் முன்பகுதியைப் படியுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. திரும்பி வர 70 வருடம் ஆகும் என்றும் இருக்கிறது.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொன்னான். கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் அது தேவன் சொல்லாத வார்த்தை. எரேமியா சொன்னதில் வாக்குத்தத்தமும் இருந்தது, கட்டளையும் இருந்தது, காத்திருப்பும் இருந்தது. நாம் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவைப்போல அதைப் பயன்படுத்துகிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவன். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று பத்து வரி பிழையில்லாமல் எழுதுவான் ஒரு பையன். முத்து முத்தான கையெழுத்து. மதிய உணவு மணி அடித்ததும் குழாய்ப் பக்கமே போகாமல் தட்டோடு ஓடுவான். அவனுக்குப் பாடம் தெரியும் என்பதா, தெரியாது என்பதா? பரீட்சைத்தாள் தெரியும் என்று சொல்லும், அவன் வயிறு தெரியாது என்று சொல்லும்.

நம் தமிழில் ஒரு நல்ல சொல் உண்டு. கேட்பது. காதால் கேட்பதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். "பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா?" என்று ஒரு தாய் விசாரித்தால், அவனுக்குக் காது நன்றாக இருக்கிறதா என்றா கேட்கிறாள்? உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலைக் கேட்கச் சொல்லும் 'ஷெமா' என்ற எபிரெயச் சொல்லும் இப்படித்தான். கேட்பதும் கீழ்ப்படிவதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. மலைப்பிரசங்கத்தின் முடிவில் இயேசு சொன்ன இரண்டு வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். கன்மலைமேல் கட்டினவனும் கேட்டான், மணல்மேல் கட்டினவனும் கேட்டான். கேட்டபடி செய்தார்களா என்பதில்தான் வித்தியாசம்.

வேதத்தில் ஓர் அப்பாவும் மகனும் வருகிறார்கள். யோசியா ராஜாவின் 18ஆம் வருடத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாணப் புஸ்தகம் கிடைத்தது. அதை வாசிக்கக் கேட்டதும் அவர் தன் உடையைக் கிழித்துக்கொண்டார். தேசத்தையே சீர்திருத்தினார். அவருடைய மகன் யோயாக்கீம். எரேமியாவின் சுருளை அவனுக்கு முன்பாக வாசித்தார்கள். குளிர்காலம், எதிரில் கணப்பு எரிகிறது. மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்க, கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். அப்பா உடையைக் கிழித்தார், மகன் வசனத்தைக் கிழித்தான். ஒரே தலைமுறைதான் இடைவெளி.

நாம் யாரும் வேதத்தை எரிக்க மாட்டோம். கீழே விழுந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஆனால் வேண்டிய பத்தியை வைத்துக்கொண்டு வேண்டாத பத்தியை விட்டுவிடுவதும் ஒரு கத்திதான்.

வெளிப்படையாகப் பேசுவோம். சாதிக்கு ஒரு கல்லறைப் பகுதி வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். இன்றும் நம் வீடுகளில் பெண் பார்க்கப் போனால் ஜெபத்தோடு தொடங்கி சவரன் கணக்கில் முடிகிறது. ஒரே பெஞ்சில் திருவிருந்து வாங்கின அண்ணன் தம்பிகள் பத்து சென்ட் நிலத்துக்காக வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். இரண்டு வீட்டு வாசலிலும் வசனம் எழுதியிருக்கிறது. நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாலிபர்கள் ஏன் சபைக்கு வருவதில்லை என்று கமிட்டி போட்டுப் பேசுகிறோம். அதற்கு ஒரு காரணத்தை அவர்கள் வீட்டுக்குள்ளேயே தேடலாம்.

சிலர் உடனே சொல்வார்கள்: "சார், நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம். நியாயப்பிரமாணத்தைச் சுமத்தாதீர்கள்." நியாயமான கேள்விதான். பதிலுக்கு யாத்திராகமத்தைப் பாருங்கள். எகிப்தை விட்டுப் புறப்பட்டு, கடலைக் கடந்து, மூன்றாம் மாதத்தில்தான் சீனாய் மலைக்கு வந்தார்கள். பத்துக் கட்டளை அங்கேதான் கொடுக்கப்பட்டது. கட்டளையைக் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று தேவன் எகிப்தில் பேரம் பேசவில்லை. விடுவித்துவிட்டுத்தான் கட்டளை கொடுத்தார். ஆகவே கீழ்ப்படிதல் இரட்சிப்புக்கு நாம் கொடுக்கும் விலை அல்ல, விடுதலை பெற்றவன் நடக்கும் நடை. தம்மிடத்தில் அன்பாயிருப்பதையும் தம் கற்பனைகளைக் கைக்கொள்வதையும் இயேசுவே ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார். யோவான் 14ஐப் பாருங்கள்.

அதனால் கீழ்ப்படிகிறவன் பெருமைப்படவும் இடமில்லை. சங்கீதம் 119 வேதத்தின் மேலுள்ள நேசத்தைப் பாடுவது. எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எட்டு வசனம் வீதம், 22 எழுத்துக்கு 176 வசனம். அவ்வளவு நேசத்தைச் சொன்னவர் கடைசி வசனத்தில் என்ன சொல்கிறார்? தான் வழி தப்பின ஆடு என்றும், தன்னைத் தேடி வர வேண்டும் என்றும் சொல்லி முடிக்கிறார். வேதத்தை உண்மையாக நேசிப்பவனின் அடையாளம் இந்தத் தாழ்மை.

தமிழில் வேதம் நம் கைக்கு வந்த கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அதே வருடத்தில், ஒரு விதவையின் கடன் விவகாரத்தில் அவளுக்காகப் பேசப் போய் டேனிஷ் அதிகாரியின் கோபத்துக்கு ஆளானார். சுமார் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். விதவைக்கு நியாயம் செய்யச் சொல்லும் வசனத்தை மொழிபெயர்த்தால் போதும் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1715இல் அந்தப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நாம் இன்று போனில் தடவிப் படிக்கும் தமிழ் வேதத்துக்குப் பின்னால் இந்தக் கீழ்ப்படிதலும் இருக்கிறது.

என் யோசனை சின்னதுதான். வாக்குத்தத்த அட்டை இருக்கட்டும். அதனுடன் சபையில் ஒரு கட்டளை அட்டையும் கொடுக்கட்டும். அதுவரை இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் லேவியராகமம் 19ஐ வாசியுங்கள். பிறனை நேசிக்கச் சொல்லும் கட்டளை அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஏழைக்காக வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவது, கூலியை அன்றே கொடுப்பது, காது கேளாதவனைத் திட்டாமல் இருப்பது, சரியான தராசு வைப்பது எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. நேசம் என்றால் என்ன என்று தேவன் எவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

வாசித்துவிட்டு ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள். கொத்தனாருக்கோ வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கோ பாக்கி இருந்தால் இன்று சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பேசாமல் இருக்கும் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கிறவர்கள், எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். செய்ததைப் படம் எடுத்துப் போட வேண்டாம். வீட்டில் உள்ள பிள்ளை பார்த்தால் போதும்.

கர்த்தர் தம் வார்த்தையைக் கேட்கிற காதையும், கேட்டபடி செய்கிற மனதையும் நமக்குத் தருவாராக. ஆமென்.