மூணு நிமிஷ டிரம்பெட்

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன்)



"என்னடா இது, சட்டியில எண்ணெய் பொரியிற சத்தம் மாதிரி இருக்கு! இதைப் போயி காசு குடுத்த மாதிரி உக்காந்து கேக்கற?"

ஹாஸ்டல் அறையில் என் செல்போனைப் பார்த்து நண்பன் கேட்ட கேள்வி இது. அப்போது பாடிக்கொண்டிருந்தது 1937-ல் பாரிஸ் நகரத்தில் பதிவான ஓர் இசைத்தட்டு. பில் கோல்மேன் என்பவர் டிரம்பெட், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் கித்தார். இரண்டே இரண்டு பேர். பாட்டு இல்லை, டிரம்ஸ் இல்லை. நண்பன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் "பொரியிற" சத்தத்தைப் பார்ப்போம். அந்தக் காலத்து இசைத்தட்டு பிளாஸ்டிக் அல்ல, அரக்கு! மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். அன்று உலகத்துக்கே அதிகமாக அரக்கு அனுப்பியது நம் இந்தியாதான். சோட்டா நாக்பூர் காட்டில் ஆதிவாசி மக்கள் மரத்திலிருந்து சுரண்டி எடுத்தது கப்பலேறிப் போய் ஐரோப்பாவில் இசைத்தட்டானது. அதில் கல்மாவு போன்ற தூளைக் கலந்து அழுத்தி வார்ப்பார்கள். ஊசி அந்தத் தூளின் மேல் உரசி ஓடும்போது எழும் ஓசைதான் நாம் கேட்கும் கரகரப்பு. ஆக, அந்தச் சத்தத்தில் நம்ம நாட்டுக் காடும் இருக்கிறது!

சரி, கரகரப்பை வடிகட்டிவிட்டால் போச்சு என்று நானும் நினைத்தேன். மின்னணுவியல் படிக்கிறவனுக்கு அது கூடவா தெரியாது? கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை ஏற்றி, 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையெல்லாம் வெட்டினேன். கரகரப்பு அடங்கியது. கூடவே டிரம்பெட்டும் செத்துப்போனது! வாயில் துணியை வைத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. டிரம்பெட்டின் அடிப்படை சுரங்கள் சுமார் 165 ஹெர்ட்ஸிலிருந்து 930 ஹெர்ட்ஸ் வரைதான். ஆனால் அதன் "கணீர்" இருக்கிறதே, அது மேலே உள்ள ஹார்மோனிக்ஸில் இருக்கிறது. ஊதுபவர் பலமாக ஊத ஊத இந்த மேல் ஹார்மோனிக்ஸ் கூடும். அதை வெட்டிவிட்டால் மெல்ல ஊதியதும் மூச்சைப் பிடித்து ஊதியதும் ஒரே மாதிரி கேட்கும். மனுஷனின் மூச்சையே வெட்டியாயிற்று!

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. 1925-க்குப் பிறகு மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்தார்கள். அந்தக் கருவிகள் 5000, 6000 ஹெர்ட்ஸ் வரைதான் ஓரளவு பிடித்தன. பெரிய பேஸ் வாத்தியத்தின் அடி ஓசையும் தாளத் தட்டின் மேல் ஓசையும் பாதி தொலைந்தன. டிரம்பெட்டோ அந்த ஜன்னலுக்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அதனால்தான் 80, 90 வருஷம் கழித்தும் மற்றதெல்லாம் சுவருக்கு அப்பால் கேட்க, டிரம்பெட் மட்டும் நம் அறைக்குள் நின்று ஊதுகிறது.

"இப்ப இதைவிட சுத்தமா பதிவு பண்றாங்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். இன்று ஆளாளுக்குத் தனித்தனியாக வாசித்து, தப்பைத் திருத்தி, ஒட்டிச் சேர்க்கலாம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அன்று அந்த வசதி கிடையாது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷம். எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிக்க வேண்டும். டிரம்பெட்காரர் சத்தம் அதிகம் என்றால் அவர் மைக்கை விட்டுத் தள்ளி நிற்க வேண்டியதுதான். நடுவில் ஒருவர் தடுமாறினால் அந்த மெழுகுத் தட்டு வீண், முதலிலிருந்து ஆரம்பி! அந்தப் பயமும் துணிச்சலும் தட்டில் அப்படியே பதிந்திருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் இந்தப் பதிவுகளின் நிரந்தரக் கவர்ச்சியே அதுதான்.

இப்போது நண்பன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "இதெல்லாம் பெரிய வீட்டுப் பசங்க சமாச்சாரம்டா. நமக்கெதுக்கு?"

இந்தக் கேள்வி எனக்கு வலித்தது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். "நமக்கெதுக்கு" என்ற வார்த்தையைப் பத்தாம் வகுப்பு முடித்த அன்றே கேட்டுவிட்டு வந்தவன். அதனால் அந்தத் தட்டுகளில் வாசித்தவர்கள் யார் என்று தேடிப் படித்தேன்.

ஜாங்கோ, ஊர் ஊராக வண்டியில் திரிந்த ரோமா இனத்தில் பிறந்தவர். சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. 1928-ல் வண்டியில் தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல்கள் கெட்டுப்போயின. மீதி விரல்களால்தான் அத்தனை வாசிப்பும்! பில் கோல்மேன், அமெரிக்காவின் கென்டக்கியில் பாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினக் கலைஞர். பெயருக்கு ஏற்ற மாதிரி பிரான்சின் பாரிஸில் புகழ் பெற்று, 1981-ல் பிரான்சிலேயே கண்ணை மூடினார். ஆர்தர் பிரிக்ஸ், கிரெனடா தீவிலிருந்து வந்த டிரம்பெட் கலைஞர். ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தபோது 1940-ல் அவரைப் பிடித்து பாரிஸை ஒட்டிய சாந்தெனி முகாமில் அடைத்தார்கள். 1944 வரை உள்ளேதான். அங்கேயும் ஓர் இசைக்குழுவைச் சேர்த்து நடத்தினார் மனுஷன்!

பிரெஞ்சுக்காரர்களும் சளைக்கவில்லை. பாரிஸில் 1908-ல் பிறந்த ஃபிலிப் புரூன் 1937-ல் தன் பெயரிலேயே குழு வைத்துத் தட்டு வெளியிட்டார். அந்த ஆண்டு தொடங்கிய "ஸ்விங்" என்ற ஜாஸ் இசைத்தட்டு முத்திரையில் அவர் வாசித்ததை அவசியம் கேளுங்கள். தென் பிரான்சின் லமானோன் ஊரில் பிறந்த ஏமே பரெல்லி அடுத்த வரிசைக்காரர்.

நம் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகவே ஒருவரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். போரிஸ் வியான்! பொறியியல் படித்து 1942-ல் பட்டம் பெற்றவர். வேலை, பிரெஞ்சுத் தர நிர்ணய நிறுவனத்தில். நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை தருகிற அமைப்பு மாதிரி. பகலில் அளவுகளுக்கு விதி எழுதுவது, இரவில் டிரம்பெட் ஊதுவது. ஆபீஸ் விதிமுறை பாணியிலேயே வசைச் சொற்களுக்கும் ஒரு "தர நிர்ணயம்" எழுதிக் கிண்டலடித்தவர். சிறு வயதிலிருந்தே இதய நோய். ஊதக் கூடாத உடம்போடு ஊதினார். 1959-ல் 39 வயதில் போய்ச் சேர்ந்தார்.

இவர்களில் பெரிய வீட்டுப் பையன்களும் இருக்கலாம். ஆனால் வண்டியில் பிறந்தவனும் முகாமில் அடைபட்டவனும் அதே மைக்குக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமான இசை எனக்கு மட்டும் எப்படி அந்நியமாகும்? கேட்கக் காது போதும். டிரம்பெட் நமக்குப் புதுசும் அல்ல. ஊர்வலத்தில் பேண்ட் செட்காரர் ஊதுவதும் அதே மூன்று வால்வு வைத்த குழாய்தானே!

ஆகவே மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி எப்படியும் கட்டுவோம். நிகழ்ச்சி தொடங்கும் முன் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்துகிற நேரத்தில் இப்படி ஒரு தட்டைப் போடுவோம். கரகரப்பை வெட்டாமல், அப்படியே.

பிடிக்கவில்லையா? அடுத்த வருஷம் கேட்கமாட்டேன். நான் கேட்பது மூணே மூணு நிமிஷம்தான்!