தோட்டமில்லாத தோட்டக்காரன்

டார்வினையும் தெனிசனையும் படம்பிடித்துப் புகழ்பெற்ற யூலியா மாகிறற் கமறன் 1875 ஆம் ஆண்டு, தமது அறுபதாவது வயதில், இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். தாம் அறியாத களுத்துறைக் கிராமப்புறத்திலே கமெராவை நிறுத்தி அவர் எடுத்த படங்களுட் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அவற்றைக் காலங்கடந்த அழகென்று போற்றுவோர் உளர். அழகை யான் மறுக்கவில்லை. அழகென்று சொல்லியதும் வேறெதுவும் கேட்கலாகாது என்று வாயடைக்கிறார்களே, அதனையே மறுக்கிறேன்.

கமறன் அம்மையார் வழிதவறி வந்த பயணியல்லர். நம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் கோல்புறூக் - கமறன் ஆணைக்குழுவின் கமறன் இருக்கிறாரே, அவரே இவ்வம்மையாரின் கணவர். 1833 ஆம் ஆண்டின் சீர்திருத்தங்கள் இராசகாரியத்தை ஒழித்துக் கூலியுழைப்புக்கு வழிதிறந்தன. திறந்த வழியிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுட் சில கமறன் குடும்பத்துக்கும் உரியன. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அரிக்கத் தொடங்கியது. அவர்களுடைய வருவாயும் அத்தோட்டங்களையே நம்பியிருந்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பசித்த சனங்கள் கடல்கடந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தோர் பலர். அதே ஆண்டுகளிலேதான் அம்மையார் தமது கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கண்ட அவருடைய இலங்கைப் படங்களில் அந்த நடையின் சுவடே இல்லை.

1877 இல் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறைக்கு விருந்தினராக வந்தார். அவர் எழுதிவைத்துள்ள செய்தியொன்று சிந்திக்கத்தக்கது. ஒருவனுடைய முதுகின் கட்டழகைக் கண்டு வியந்த அம்மையார், தம் மகனிடஞ் சொல்லி அவனைத் தோட்டக்காரனாக அமர்த்திக்கொண்டாராம். அவருக்குத் தோட்டமோ இல்லை. அவனுக்கு அச்சொல்லின் பொருளும் தெரியாது! நோர்த் இதனை வேடிக்கையாகவே சொல்கிறார். முதுகை விலைக்குக் கொள்ளலாம், அதற்குரியவன் யாரென்று வினவ வேண்டியதில்லை என்பது அவ்விருவருக்கும் இயல்பாகவே தோன்றியிருக்கிறது.

அக்காலத்தின் குறையை ஒருவர்மீது சுமத்தலாமா என்பார் சிலர். இங்கிலாந்திலே அவர் கன்னி மரியாளாக நிறுத்திய பணிப்பெண் மேரி ஹிலியரின் பெயரை நாம் இன்றும் அறிவோம். காலம் ஒன்றுதான், கமெராவும் ஒன்றுதான். களுத்துறைக் குடியானவர் படமொன்றின் கீழ் அவர் எழுதிய குறிப்பைப் பாருங்கள். சிறுமிக்கு வயது 12. கிழவர் தம்மை அவளுடைய தந்தையென்றும், தமக்கு வயது 100 என்றும் சொல்கிறார். ஆகவே, யாரோ அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் விடை சொல்லியிருக்கிறார்கள். வயது கேட்ட வாய்க்குப் பெயர் கேட்க எத்தனை நொடி ஆகும்? தகட்டின் முன் அசையாது நிற்பதற்கு அவர்கள் செலவிட்ட நேரம் அதனினும் அதிகம்.

1879 இல் அம்மையார் இந்நாட்டிலேயே இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

சென்ற தவணையில் அக்களுத்துறைப் படத்தை வகுப்பிற் காட்டி, ஒளியும் நிழலும் பொருந்தியிருக்கும் திறத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், அந்தத் தாத்தாவுக்குப் பேர் என்ன?” என்று கேட்டாள். படத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தேன்.