செல்லரிக்காத சர்வர்

அழிந்துபோன டேட்டாவை மீட்கும் வேலை தமிழ்நாட்டில் முதன்முதலில் நடந்த ஊர் சிதம்பரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தேவாரச் சுவடிகள் தில்லை நடராஜர் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழன் போய்க் கதவைத் திறக்கச் சொன்னபோது, 'பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறக்க முடியும்' என்று பதில் வந்ததாம். ராஜா சளைக்கவில்லை. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தி, 'இதோ வந்துவிட்டார்கள்' என்றான். கதவு திறந்தது. உள்ளே கரையான் புற்று! எண்ணெய் விட்டுப் புற்றை நீக்கி, மிஞ்சியதை எடுத்தார்கள். நம்பியாண்டார் நம்பி அவற்றைத் தொகுத்தார். மூவர் பாடியது லட்சம் பதிகங்களுக்கு மேல் என்பது ஐதீகம். இன்று நம் கையில் இருப்பது சுமார் 800.

பக்தர்கள் இதைத் திருமுறை கண்ட கதையாகப் படிப்பார்கள். பி.காம். படித்த என் கண்ணுக்கு இது ஆடிட் ரிப்போர்ட்டாகத் தெரிகிறது. பாஸ்வேர்டு பிரமாதம் - மூன்று பேர் வரவேண்டும். பூட்டும் பலம். ஆனால் பிரதி ஒன்றே ஒன்று. நடுவில் அதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம். திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாயில் என்று ஒரு சின்ன ஊர். சுவடிகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. வேறு ஊரில், வேறு பொருளில், யாரோ புண்ணியவான் எடுத்து வைத்த பேக்கப். கல்லைக் கரையான் தின்னாது.

ஆக, இந்த வாரம் கம்ப்யூட்டர்.

*

'சர்வர்' என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது, தோளில் துண்டும் கையில் நாலு டம்ளருமாக வரும் ஓட்டல் சர்வர்தான். ஆபீஸ் சர்வரும் அதே ரகம். பில் போடும் பெண், கோடவுன் பையன், கணக்குப்பிள்ளை என்று நாலு டேபிளிலிருந்தும் கூப்பிடுவார்கள். கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும். அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் நாலு டேபிளும் பட்டினி.

கடலூர் மாவட்டத்துக் கடைகளில் நான் பார்த்த சர்வர்கள் பெரும்பாலும் கல்லாப்பெட்டிக்குக் கீழே, தரையில், ஊதுபத்திச் சாம்பலும் சாக்குத் தூசியுமாக வாழ்கின்றன. வருஷத்துக்கு ஒரு தரம், ஆயுத பூஜையன்று, குங்குமம் வைப்பதற்காக மட்டும் துடைக்கப்படுகின்றன.

தரையில் வைக்கிற ஊரா இது? 2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின் கம்பங்கள் விழுந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. 2015-ல் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டு கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் வந்தது.

அப்படி வந்த தண்ணீர் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரியின் கடைக்குள்ளும் வந்தது. தரையில் கம்ப்யூட்டர். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க், பக்கத்து பீரோவில், கடைசி அறையில். இரண்டும் ஒரே தண்ணீரைக் குடித்தன.

"மிஷின் போனா முப்பதாயிரம் தம்பி. உள்ள இருந்த பாக்கி இருபது லட்சம்" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

சிதம்பரத்தில் இருந்த ஆடிட்டரிடம் மார்ச் 31 வரைக்குமான கணக்கின் நகல் இருந்தது. நம்முடைய திருவிடைவாயில்! மிச்சம் எட்டு மாதம். ஜி.எஸ்.டி. தளத்தில் தாக்கல் செய்த விற்பனை விவரத்தை எடுத்துப் பார்த்தோம். பதிவு பெற்ற பெரிய கடைகளின் பில்கள் ஒவ்வொன்றாக இருந்தன. பதிவு இல்லாத சின்னக் கடைகள் பெயரில்லாமல் மொத்தத் தொகையாகத்தான் இருந்தன. யார் பணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது அதில் இருக்கவே இருக்காது.

இட்லிக் கடை அம்மா ஒருவர் மூன்றாம் நாளே ஈரச் சேலையோடு வந்து நின்றார். "அண்ணே, நாலாயிரத்து இருநூறு நான் தரணும். இப்ப இல்ல. ஆனா எழுதி வெச்சுக்குங்க." காரில் வந்த இன்னொருவர், "நானா? போன மாசமே செட்டில் பண்ணிட்டேனே, ஞாபகம் இல்லியா?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். பேரேடு தொலைந்தால் மனுஷர்களின் ஐந்தொகை வெளியே வந்துவிடுகிறது.

ஜி.எஸ்.டி. சட்டமும் இதை யோசித்திருக்கிறது. கணக்குகளை, அந்த ஆண்டின் ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் இருக்க வேண்டும் என்கிறது 57-வது விதி. 'ஸார், வெள்ளம் வந்துவிட்டது' என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லலாம்.

*

சரி, செய்ய வேண்டியவை. ஓட்டல் சர்வருக்கு நாம் டிப்ஸ் தருவோம். ஆபீஸ் சர்வருக்கு இதோ:

முதலில் இடம். தரையிலிருந்து குறைந்தது இடுப்பு உயரம். ஜன்னலோரம் வேண்டாம். கடலூரில் உப்புக் காற்று ஸ்க்ரூவையே தின்றுவிடும். ஆன் செய்தால் படம் வராமல் 'பீப் பீப்' என்று அழுகிறதா? பல சமயம் மெமரி கார்டின் பித்தளை நிறப் பற்களில் படலம் பிடித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, மெத்தென்ற பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, மறுபடி செருகுங்கள். புது மெமரி வாங்கும் செலவு மிச்சமாகலாம்.

அடுத்தது கரண்ட். போகும்போது வரும் ஆபத்தைவிடத் திரும்பி வரும்போது வருவது மோசம். புயல் முடிந்து முதல் முதலாகக் கரண்ட் வரும் நேரத்தில் சர்வரின் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. யு.பி.எஸ். பேட்டரிக்கு மூன்று நான்கு வருஷம்தான் ஆயுள். மாதம் ஒரு நாள், கடை மூடும் நேரத்தில், எல்லா வேலையையும் சேமித்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று கடிகாரம் பாருங்கள். யு.பி.எஸ்.ஸோடு ஒரு யு.எஸ்.பி. ஒயர் வந்திருக்கும். அநேகமாக இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும்! அதைச் சர்வரில் செருகி, அதற்கான மென்பொருளைப் போட்டுவிட்டால், பேட்டரி தீருமுன் சர்வர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

மூன்றாவது பேக்கப். கணக்கு எளிது: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வெளியூரில். கடலூர்க்காரர் சிதம்பரத்து மாப்பிள்ளை வீட்டிலும், சிதம்பரத்துக்காரர் கடலூர்ச் சம்பந்தி வீட்டிலும் வைக்கலாம். (சம்பந்தி பார்க்கக் கூடாது என்றால் பாஸ்வேர்டு போட்டு வையுங்கள்.) இன்டர்நெட்டில் ஒரு பிரதி இருந்தால் இன்னும் நல்லது.

பேக்கப் டிஸ்க்கை நாள் முழுக்கச் செருகியே வைக்காதீர்கள். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற கொள்ளைக்கார வைரஸ் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இந்த மாதிரி வைரஸ் சர்வரில் எதையெல்லாம் பார்க்கிறதோ அதையெல்லாம் பூட்டும். செருகியிருக்கிற பேக்கப்பும் சேர்த்துத்தான். இதில் வேதனை, மைக்ரோஸாஃப்ட் அந்த ஓட்டைக்கு மருந்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். 'அப்டேட்' என்று மூலையில் கெஞ்சும்போது 'அப்புறம்' என்று அழுத்துகிற விரல்களே, கவனம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்ப்பது. ஸ்டாக் புத்தகத்தில் நூறு மூட்டை என்று இருக்கும். கோடவுனில் எண்ணினால் தொண்ணூற்றிரண்டு. புத்தகத்தை நம்பாமல் எண்ணுகிற வியாபாரி, பேக்கப்பை மட்டும் ஏன் எண்ணுவதில்லை? 2017 ஜனவரி 31 அன்று 'கிட்லேப்' என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில், ஓர் இன்ஜினீயர் ஏதோ சர்வர் என்று நினைத்து உயிருள்ள சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஒன்றும் ஒழுங்காக நிற்கவில்லை. 'பேக்கப் நடக்கவில்லை' என்று வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை மெயில்கள்கூட வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. கெட்டிக்காரர்களுக்கே இந்தக் கதி. மாதம் ஒரு முறை, வேறு கம்ப்யூட்டரில் பேக்கப்பை ஏற்றி, போன வாரத்துப் பில் ஒன்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் அது பேக்கப். அதுவரை வெறும் பெட்டி.

நான்காவது பாஸ்வேர்டு. மானிட்டரில் ஒட்டி வைப்பதற்குப் பெயர் பாஸ்வேர்டு இல்லை, போஸ்டர். ஆள் வேலையை விட்டுப் போன அன்றே அவருடைய நுழைவை மூடிவிடுங்கள். வீட்டிலிருந்து சர்வருக்குள் வர வழி வைத்திருந்தால், அதை நேராக இன்டர்நெட்டில் திறந்து போடாமல் வி.பி.என். வழியாக மட்டும் வையுங்கள். திறந்த வாசலைத் தேடிக்கொண்டு உலகமெங்கும் ராத்திரி பகலாக ஆட்கள் சுற்றுகிறார்கள். ஒரு பிரதி பாஸ்வேர்டை கவரில் போட்டு ஒட்டி வீட்டு லாக்கரில் வையுங்கள். மூவர் உருவங்களைத் தூக்கிக்கொண்டு வர இனி ராஜராஜன் வரமாட்டான்.

*

எல்லாம் செய்தும் ஒரு நாள் நின்றுவிடும். அப்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுமுன் மூன்று கேள்விகள்.

ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய ஒயரையும் மேஜையையும் பாருங்கள். எல்லோருக்கும் என்றால் ஸ்விட்ச் பெட்டி, சர்வர்.

கடைசியாக எது மாறியது? "ஒண்ணுமே பண்ணலை ஸார்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது தடவை கேளுங்கள். ஓர் ஆபீஸில் காலை பத்து மணிக்கு எல்லா மிஷினும் ஸ்தம்பித்தன. பெருக்க வந்த அம்மா, தரையில் கிடந்த ஒயர் முனையைப் பொறுப்பாக எடுத்து, ஸ்விட்ச் பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறார். அந்த ஒயரின் மறுமுனையும் அதே பெட்டியில். செய்தி உள்ளேயே சுற்றிச் சுற்றி, எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது. பிடுங்கியதும் உயிர் வந்தது.

மூன்றாவது, தேதி சரியா? பத்து வருஷம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பேட்டரியின் பெயர் சி.ஆர்.2032, விலை அற்பம். தேதி தப்பானால் ஜி.எஸ்.டி. தளம், பேங்க் தளம் எதுவும் உள்ளே விடாது. ஆளைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கும்.

இதையெல்லாம் பார்த்து, என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரில் எழுதி வைக்காதீர்கள். அது நின்றுபோகும்போதுதானே அந்த நோட்டு வேண்டும்!

மொத்த வியாபாரியின் புது சர்வர் இப்போது லாஃப்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இட்லிக் கடை அம்மா தை மாசமே பாக்கியைக் கட்டிவிட்டார். கார்க்காரர் இன்னும் டீக்கு வருகிறார்.