காது பொய் சொல்லேல்ல, காரணம்தான் பிழை

பழைய நிலைமின் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு சடங்கு உண்டு. இருபது, முப்பது வருடம் ஓடியதும் பின்மூடியைக் கழற்றி, கிராஸ்ஓவர் பலகையில் கிடக்கிற பழைய கப்பாசிட்டர்களை வெட்டி எறிந்துவிட்டு, விலை கூடிய புதியவற்றை சோல்டர் பண்ணுவார்கள். ஒரு கிழமை கழித்து, "திரை விலகின மாதிரி இருக்கு" என்பார்கள். இதை ரிப்பேர் என்று யாரும் சொல்வதில்லை, அப்கிரேட் என்றுதான் பெயர். எனக்கு அந்தச் சொல்லோடுதான் பிரச்சினை.

இந்த ஸ்பீக்கரை இங்கே எங்களில் பெரும்பாலானோர் கண்டிருக்க மாட்டோம், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வழமையான ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம், சுருள், கூம்பு எதுவும் இதில் இல்லை. பொலித்தீன் பையை விட மெல்லிய ஒரு படலம், துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ற் மின்னேற்றம். அம்பிளிபையரில் இருந்து வரும் பாட்டை ஒரு நிலைமாற்றி பல மடங்கு உயர்த்தித் தகடுகளுக்குக் கொடுக்கும். படலம் அங்குமிங்கும் இழுபடும், அதுதான் ஒலி. உயர்தரப் பௌதிகவியலில் இரண்டு கோடு கீறி 'கொள்ளளவி' என்று படித்தோமே, அதையே ஆளுயரத்துக்கு நிறுத்தி வைத்துப் பாட வைத்தால் இதுதான்.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் செய்த குவாட் 1957இல் விற்பனைக்கு வந்தது. எண்பதுகளில் அமெரிக்காவின் கான்சாஸில் மார்ட்டின் லோகன் நிறுவனம் வேறொரு வழி பிடித்தது. படலத்தால் பெரிதாக அசைய ஏலாது, ஆகவே பாஸ் மெலிவு. அதனால் மேலே வளைந்த படலப் பலகை, கீழே சாதாரண வூஃபர் என்று கலப்பாகச் செய்தார்கள். எந்தச் சுருதி மேலே போவது, எது கீழே போவது என்று பிரிக்கிற வேலை கிராஸ்ஓவருடையது.

படலத்துக்குப் போகும் பாதையை 300 ஹேர்ட்ஸ் அளவில் பிரிக்க வேண்டுமென்றால் 100 மைக்ரோபரட் அளவில் ஒரு கப்பாசிட்டர் தேவைப்படும். அந்தப் பெறுமானத்தில் பிலிம் வகை கைமுட்டி அளவில் இருக்கும், விலையும் பல மடங்கு. இதனால் அந்த இடத்தில் எலக்ட்ரோலைட்டிக் வகை போடுவது வழக்கம். அதற்குள் இருக்கிற திரவம் காலப்போக்கில் காயும். கொள்ளளவு மாறும், உள்ளே ஒளிந்திருக்கும் சிறு தடையும் கூடும். கொள்ளளவு 20 சதவீதம் குறைந்தால் 300 ஹேர்ட்ஸ் என்ற எல்லை 375க்கு ஏறிவிடும். படலமும் வூஃபரும் கைகோக்கிற இடத்தில் ஒரு பள்ளம் விழும். ஆண்குரல்களில் நெஞ்சு இல்லாமல் போகும். ஆகவே பழைய எலக்ட்ரோலைட்டிக்கை மாற்றுவது நியாயமான வேலை, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

சிக்கல் அடுத்த அடியில். காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக்குக்குப் பதிலாக அதே பெறுமானத்தில் நல்ல பிலிம் கப்பாசிட்டரைப் போடுகிறார்கள். பிலிமுக்குள் அந்த ஒளிந்த தடை கிட்டத்தட்ட இல்லை. வடிவமைத்தவரோ அந்தத் தடையும் சேர்ந்திருந்த நிலையில்தான் அளந்து, கேட்டு, முடிவெடுத்திருப்பார். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கரில் அரை ஓம் போனால் அரை டெசிபெல்தான் மாறும், விட்டுத்தள்ளலாம். ஆனால் நிலைமின் ஸ்பீக்கர் தானே ஒரு கொள்ளளவி. சுருதி ஏற ஏற அதன் சுமை இறங்கும், உச்சத்தில் ஒரு ஓம் அளவுக்கு இறங்குகிற மாதிரிகள் உண்டு. கணக்கு எளிதாக இருக்க அதை வெறும் தடை என்றே வைத்தால், அங்கே அரை ஓம் போவது மூன்று டெசிபெலுக்கும் மேல். உண்மையில் அவ்வளவு வராது. ஒன்று, ஒன்றரை வந்தாலே காதுக்குக் காணும்.

'விலகின திரை' பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. மேல்சுருதி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவே. கேட்டவரின் காது பொய் சொல்லவில்லை. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் கப்பாசிட்டரின் செப்புத் தாளோ, எண்ணெயோ, பெட்டியில் அச்சடித்த பெயரோ அல்ல. வரிசையில் ஒரு மலிவான அரை ஓம் தடையியைப் போட்டால் அந்த 'அப்கிரேட்' காணாமல் போகும். பிலிம் போடுகிறவர் அதையும் சேர்த்துப் போட வேண்டும் என்று நான் சொல்வேன். போடுகிறவர்கள் குறைவு, ஏனென்றால் காசு கொடுத்து வாங்கிய பளபளப்பு அதோடு போய்விடும்.

இதில் ஆபத்தான பகுதி வேறு. நிலைமின் ஸ்பீக்கர் மூப்படையும்போது முதலில் சாகிறது பெரும்பாலும் கிராஸ்ஓவர் அல்ல. படலத்தின் மேலுள்ள கடத்தும் பூச்சு தேயும், தூசி ஒட்டும், மின்னேற்றம் கொடுக்கிற டயோட் ஏணி களைத்து வோல்ற் இறங்கும். ஈரக்காற்றில் மின்னேற்றம் ஒழுகும், எங்கட காலநிலையில் அது இன்னும் மோசம். இவை எல்லாவற்றிலும் படலத்தின் சத்தம் குறையும், ஒலி மங்கும். அந்த நேரத்தில் கிராஸ்ஓவரை மாற்றி மேல்சுருதியைத் தூக்கிவிட்டால் நோய் மாறின மாதிரித் தெரியும். காய்ச்சலுக்குப் பனடோல் போட்டுவிட்டு வேலைக்குப் போன கதைதான். இரண்டு வருடத்தில் படலம் முற்றாகப் போகும், பேந்து பழி எல்லாம் ஸ்பீக்கர் மேலே.

ஆகவே வரிசை முக்கியம். மின்சாரத்தைக் கழற்றி, மின்னேற்றம் இறங்க விட்டு, வாக்யூமால் தூசியை எடுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. பிறகு ஏற்ற வோல்ற். அதற்குப் பிறகுதான் கிராஸ்ஓவர், அதுவும் கழற்றிய கப்பாசிட்டரை அளந்து பார்த்து. அளவு சரியாக இருந்தால் மாற்றவே தேவையில்லை. (உள்ளே கைவைப்பவருக்கு ஒன்று: குவாட்டின் பாஸ் பகுதிக்கு மட்டும் சுமார் 6000 வோல்ற். பிளக்கைப் பிடுங்கின உடனே அது போய்விடாது. பழக்கமில்லாதவர் தொடவே கூடாது.)

சோதிக்கவும் சுகமான வழி இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். மற்றதை அப்படியே விட்டு, மோனோவில் ஒரே குரலைப் போட்டு, இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். எது எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருவரையும் கேட்க விடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டையும் ஒரே நாளில் மாற்றி, போன கிழமை ஒலித்ததை ஞாபகத்தில் வைத்து ஒப்பிட்டால், அங்கே பேசுவது செலவழித்த காசுதான். 'நூறு மணித்தியாலம் ஓடினால்தான் திறக்கும்' என்றும் ஒரு கதை இருக்கு. நூறு மணித்தியாலத்தில் பழகுவது கப்பாசிட்டரா, காதா?

பீட்டர் வாக்கருக்கே இந்தச் சண்டை புதிதல்ல. 1978இல் குவாட் தன் மூன்று அம்பிளிபையர்களை, அதில் ஒன்று பழைய வால்வு வகை, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் அனுபவமுள்ள கேட்பவர்களுக்கு முன் வைத்தது. அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட மனிதர் செய்த ஸ்பீக்கருக்குள் இன்று ஆளுக்கொரு விலையில் 'இசை தெரிந்த' கப்பாசிட்டர் போடுகிறார்கள்.

எனக்கு இது வெறும் காசுப் பிரச்சினை இல்லை. இந்தப் பெட்டிகள் குறைந்துகொண்டு வருகின்றன. ஒவ்வொருவரும் தன் காதுக்கு ஏற்றபடி மாற்றி, என்ன மாற்றினேன் என்று எழுதாமல் விற்றுவிட்டால், அடுத்தவர் வாங்குவது குவாட்டும் இல்லை, மார்ட்டின் லோகனும் இல்லை. வடிவமைத்தவர் என்ன கேட்டார் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பலகைதான். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு, அளந்த பெறுமானங்களைத் துண்டில் எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை.