கம்பியில்லாத் திரைக்கு யாருடைய வைஃபை?



பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வகுப்பறைக்கு வழங்கும் அன்பளிப்புகளில் திரைப்பகிர்வுக் கருவியும் இப்பொழுது சேர்ந்துவிட்டது. புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிவிட்டால் ஆசிரியரின் கைப்பேசித் திரை சுவரில் விரியும் என்கிறார்கள். நன்கொடை நல்லதே. ஆயினும் அதனை எந்த வைஃபையில் இணைப்பது என்று வாங்குமுன் வினவுவோர் மிகக் குறைவு.

குரோம்காஸ்ட் வகைக் கருவியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருந்தாக வேண்டும். கைப்பேசியில் உள்ள செயலி கருவியைக் கண்டறிந்து, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்குத் தெரிவிக்கும். வீட்டில் இது ஐந்து நிமிட வேலை. பள்ளியிலோ வேறு கதை. சில பள்ளிகளில் வைஃபையைத் தொட்டதும் பயனர் பெயர் கேட்கும் பக்கம் திறக்கும். விசைப்பலகையற்ற அச்சிறு கருவி அப்பக்கத்தை எவ்வாறு நிரப்பும்? அதனையும் கடந்தால், ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்கென வைத்த தடுப்பு அது, குறைகூற இயலாது. 2013இல் வந்த முதல் குரோம்காஸ்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே புலப்படும் என்பது தனித் தொல்லை.

முடிவில் என்ன நடக்கிறது? ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய இணையத் தரவைத் திறந்துவிடுகிறார். 30 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் இணைப்பிலேயே கரைகிறது. பாடத்தின் நடுவே குடும்பச் செய்தியொன்று சுவரில் தோன்றினால், அதனையும் நாற்பது கண்கள் படிக்கும்.

இதனை ஆசிரியரின் திறமைக்குறைவாகக் கருதுவது முறையன்று. கருவியை வாங்கித் தருவோர், கற்பித்தலுக்கெனத் தனி ரௌட்டர் ஒன்றையும், நிருவாகத்தின் இசைவோடு, சேர்த்துத் தருதல் வேண்டும் என்பதே என் கருத்து. அதன் கடவுச்சொல் மாணவரிடம் செல்லலாகாது; அந்த வைஃபைக்குள் நுழைந்தவர் எவரும் தமக்கு விருப்பமான காணொளியைத் திரைக்கு அனுப்பிவிட முடியும். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்!

மிராகாஸ்ட் முறையில் இயங்கும் கருவிகளும் உண்டு. 2012இல் வந்த இம்முறை பள்ளி வைஃபை இன்றியே நேரடியாக இணையும். ஆனால் ஐபோன் அதற்கு இசையாது. ஆகவே ஆசிரியர்கள் எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என் வகுப்பில் இன்றும் எச்.டி.எம்.ஐ. கம்பிதான். மாணவரின் கால் இடறாதபடி சுவரோரமாக ஒட்டி வைத்திருக்கிறேன்.