ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஸ்பீக்கர் ஏன் அழுவுது?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, டிக்கியில ஆம்ப்ளிஃபயரும் சப்-வூஃபரும் மாட்டின சீனியர் யாரையாவது கேட்டுப் பாருங்க. வண்டி ஆஃப்ல இருக்கும்போது பாட்டு தேன். ஸ்டார்ட் பண்ணினதும் 'ங்ங்ய்ய்'னு ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா கூடவே ஸ்ருதி ஏறும், காலை எடுத்தா இறங்கும். கடையில சொல்ற முதல் வைத்தியம், "ஆம்ப் போயிடுச்சு தம்பி, மாத்திடலாம்." கொஞ்சம் பொறுங்க பாஸ்! பெரும்பாலும் ஆம்ப் கல்லு மாதிரிதான் இருக்கும். கோளாறு எர்த்துல.

பாடுறது யாருன்னு முதல்ல பார்த்துடுவோம். பேனட்டுக்குள்ள பெல்ட்ல சுத்துற ஆல்டர்னேட்டர்தான் அது. (மெக்கானிக் அண்ணன்கள் பல பேருக்கு இன்னமும் 'டைனமோ'.) அதுக்குள்ள பிறக்குறது த்ரீ ஃபேஸ் ஏசி. ஆறு டையோடு போட்டு டிசி ஆக்குறாங்க. ஆனா பேட்டரி மாதிரி வழவழ டிசி இல்ல, மேல குட்டிக் குட்டியா அலை நெளியும். நாம ரெண்டு மார்க்குக்குப் படிச்ச அதே ரிப்பிள்!

கணக்குப் போடலாமா? ஐட்லிங்ல இன்ஜின் 800 ஆர்.பி.எம். ஆல்டர்னேட்டர் ரெண்டரை மடங்கு வேகமா சுத்துதுன்னு வெச்சுக்குங்க, 2000. செகண்டுக்கு 33 சுத்து. 12 போல்னா 6 ஜோடி, அப்போ 200 ஹெர்ட்ஸ். ஒரு சைக்கிளுக்கு 6 ரிப்பிள், ஆக 1200 ஹெர்ட்ஸ். இன்ஜினை 2400-க்கு ஏத்தினா இது 3600. நம்ம காது ரொம்பக் கூர்மையா கேக்குற ஏரியாவும் அதேதான். குறி வெச்சு அடிக்குது!

சரி, இது பாட்டுக்குள்ள எப்படிப் புகுந்துச்சு? காரோட பாடி முழுக்க பேட்டரியோட நெகட்டிவ். ஹெட்லைட், ஃபேன், ஆம்ப் எல்லாத்தோட கரன்ட்டும் அந்தத் தகடு வழியாத்தான் வீடு திரும்பும். தகடுக்கும் துளியூண்டு ரெசிஸ்டன்ஸ் இருக்கே! 1 மில்லி ஓம்ல 40 ஆம்பியர் ஓடினா 40 மில்லி வோல்ட். ஆக, டாஷ்போர்டுல எர்த் எடுத்த ஸ்டீரியோவுக்கும் டிக்கியில எர்த் எடுத்த ஆம்புக்கும் 'பூஜ்யம்' ஒண்ணில்ல. ரெண்டையும் இணைக்குற ஆர்.சி.ஏ. ஒயரோட வெளி வலையில அந்த வித்தியாசம் ஓட ஆரம்பிக்கும். இதுதான் கிரவுண்ட் லூப். ரிப்பிளோட பங்கு கொஞ்சூண்டுதான். ஆனா மெதுவா வெச்ச பாட்டோட சிக்னலும் கொஞ்சூண்டுதானே? எது ராஜா, எது ரிப்பிள்னு ஆம்புக்குத் தெரியாது. ரெண்டையும் பெருக்கிக் கொடுத்துடும்.

ஆம்ப் இல்லாத வண்டியிலயும் இதைக் கேக்கலாம். போனை ஆக்ஸ் ஒயர்ல பாடவிட்டுட்டு, அதே போனை கார் சார்ஜர்லயும் சொருகுங்க. கீச்சு வந்தா, சார்ஜரைப் பிடுங்குங்க. நின்னுடுச்சா? லூப்பை உடைச்சுட்டீங்க!

இனி துப்பறியும் வேலை. வால்யூமை சுத்தமா குறைச்ச பிறகும் சத்தம் அப்படியே இருந்தா, ஸ்டீரியோவோட வால்யூமைத் தாண்டின இடத்துலதான் திருடன். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ஆம்ப் பக்கம் ஆர்.சி.ஏ.வைக் கழட்டி மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. அமைதியானா ஆம்ப் நிரபராதி. கழட்டியும் கத்துதுன்னா ஆம்போட பவர், எர்த் ஒயர்களைப் பாருங்க. 'டிக் டிக்'னு சத்தம் வந்தா அது வேற கேஸ். ஸ்பார்க் பிளக், பிளக் ஒயர் பக்கம் போங்க.

எர்த்தை சரி பண்றதுக்கு பெரிய செலவே இல்ல. உப்புத்தாள், போல்ட், ரிங் வெச்ச தடி ஒயர், அவ்வளவுதான். பல வண்டியில பெயின்ட் மேலயே ஸ்க்ரூவை முறுக்கி விட்டிருப்பாங்க. பெயின்ட்ல எப்படிங்க கரன்ட் போகும்? தகடு பளிச்னு தெரியுற வரை சுரண்டி, இறுக்கி முறுக்குங்க. பிறகு துருப்பிடிக்காம மேல பெயின்ட் பூசிடுங்க. ஒயர் அரை மீட்டருக்குள்ள இருக்கட்டும், பவர் ஒயர் தடிமனுக்குக் குறையக் கூடாது. பவர் ஒயர் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. மறுபக்கம்னு இழுங்க. கைக்கு எட்டுதுன்னு சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குக் கழட்டாதீங்க, உங்க உயிரைப் பிடிக்குற போல்ட் அது. புதுசா ஓட்டை போடுறதா இருந்தா, கீழே பெட்ரோல் டேங்க் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க!

ரிச்சி ஸ்ட்ரீட்ல 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' கிடைக்கும். உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். ஆக்ஸ் கீச்சுக்கு ஓகே. ஆனா மட்டமான பீஸ் பேஸை முழுங்கிடும். சப்-வூஃபர் வாங்கினதே பேஸுக்குத்தானே? முதல்ல எர்த்தைப் பாருங்க, இது கடைசி.

ஆல்டர்னேட்டரை செக் பண்றேன்னு இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டுற அண்ணன் யாராவது வந்தா, கையைப் பிடிச்சுடுங்க. பேட்டரி இல்லேன்னா வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். கார்ல இருக்குற கம்ப்யூட்டரே காலியாகலாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வெச்சு, ஓடுற வண்டியோட பேட்டரி ரெண்டு முனையிலயும் தொடுங்க. சுமார் 13.8-லேர்ந்து 14.4 வரைக்கும் காட்டினா சார்ஜிங் நார்மல். சத்தம் மட்டும் தொடர்ந்தா மறுபடி உப்புத்தாளை எடுங்க.