வேலமரம் போகட்டும், கரிமூட்டத் தொழிலாளி?

சீமைக் கருவேல மரங்களை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பின் தென்மாவட்டக் கண்மாய்களில் பொக்லைன்கள் இறங்கின. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வகுத்தது. அம்மரம் கண்மாய்களையும் மேய்ச்சல் தரிசையும் அடைத்துக்கொண்டது உண்மை. நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் நிலமற்ற தலித் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். முள்ளை வெட்டி, தூரைத் தோண்டி, மூட்டம் போட்டு, இரவெல்லாம் புகையில் காவலிருப்பவர் கூலிக்காரர். புறம்போக்கு மரத்தை ஏலம் எடுப்பவரோ வேறொருவர். மரம் போன பிறகும் இதே கணக்குத்தான்: கண்மாய் வண்டல், நில ஆவணம் உள்ளவரின் வயலுக்கே போகிறது.

பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று ஒல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம் கூறியது. (அந்த மும்பை நடைபாதைவாசிகளால் அகற்றத்தைத் தடுக்க முடியவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.) ஆகவே உரிமையைச் சொன்னால் மட்டும் போதாது. மரம் அகற்றும் வேலையிலும், கண்மாய்க்கு வெளியே மீட்கப்படும் தரிசின் குத்தகையிலும் கரிமூட்டத் தொழிலாளருக்கே முதலிடம் என்று அரசாணை வர வேண்டும். பொதுநில ஆக்கிரமிப்பைக் கடுமையாகச் சாடிய ஜக்பால் சிங் தீர்ப்பே (2011), நிலமற்ற தொழிலாளருக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு அறிவிக்கையின்படி தந்த குத்தகையை விதிவிலக்காக ஏற்றிருக்கிறது.